ஃபெராரி 250 ஜிடிஓ: 36 வண்டிகளும் அவற்றின் தாய்ப்பத்திரமும்

நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 2023-ல் நியூயார்க்கில் 5.17 கோடி டாலருக்கு ஏலம் போனது. மொத்தமே 36தான் செய்தார்கள், அதனால்தான் இந்த விலை என்கிறார்கள். அதே அளவில், அதே அலுமினியத்தில், கைதேர்ந்த டிங்கர் ஒருவர் அச்சு அசலாக இன்னொன்று செய்ய முடியாதா? முடியும் என்றால், வாங்குகிறவர்கள் எதற்குத்தான் இவ்வளவு பணம் கொடுக்கிறார்கள்? 36-ல் உங்களுக்கு எது பிடிக்கும்?"

முதலில், செய்ய முடியுமா என்பது. முடியும். இங்கிலாந்தில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தகடு தட்டியிருக்கிறேன். அங்கே வந்த ஒரு ஜிடிஓ நகலுக்கு வலப்பக்க முன் மட்கார்டு என் கையால் ஆனதுதான். அதையும் அசலையும் அருகருகே நிறுத்தினால் வழியில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அந்த நகலின் விலை அசலின் பக்கத்தில்கூட வராது.

ஏன் என்றால், நிலம் வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோமோ அதையேதான் இவர்களும் பார்க்கிறார்கள். மண் எல்லா இடத்திலும் மண்தான். தாய்ப்பத்திரம் இருக்கிறதா, இடையில் யார் யார் கைக்கு மாறியது, எங்காவது வில்லங்கம் உண்டா என்று பார்த்த பிறகுதானே முன்பணம் கொடுக்கிறோம்? 250 ஜிடிஓ வாங்குகிறவர் 900 கிலோ உலோகத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. 1962-லிருந்து இன்று வரை அறுபடாமல் வரும் ஒரு கதைக்குக் கொடுக்கிறார். அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் சேசிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் குத்தியிருக்கும் எண்.

வெறும் எண்ணிக்கைதான் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றே ஒன்று செய்யப்பட்ட இத்தாலிய வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன. டூரினில் ஒவ்வொரு பாடி கட்டும் பட்டறையும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு அப்படிச் செய்து கண்காட்சியில் வைத்த காலம் அது. அவற்றில் பல, ஜிடிஓ விலையில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடப் போவதில்லை. இந்த 36 என்ற எண்ணும் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்ததுதான். 3 லிட்டர் என்ஜினோடு முதல் உருவத்தில் வந்தவை 33, 1964-ல் புது உருவத்தில் வந்தவை 3, ஆக 36. இவை தவிர 4 லிட்டர் என்ஜினோடு மூன்று உண்டு, அவற்றையும் சேர்த்தால் 39. நீங்கள் சொல்லும் 5.17 கோடி டாலர் வண்டி, அன்றைய கணக்கில் சுமார் 430 கோடி ரூபாய், அந்த 4 லிட்டர் என்ஜினோடு பிறந்ததுதான். சேசிஸ் எண் 3765. அதாவது, 36 என்று கறாராக எண்ணுகிறவர்களின் பட்டியலிலேயே வராத வண்டி. அதற்கு அந்த விலை வரக் காரணம், ஃபெராரி தொழிற்சாலையின் சொந்த அணியே அதைப் பந்தயத்தில் இறக்கியது என்பது. 1962 நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் வில்லி மைரெஸ்ஸும் மைக் பார்க்ஸும் அதை ஓட்டி இரண்டாவதாக வந்தார்கள்.

சரி, வண்டி எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரியாமல் கதைக்கு ஏன் மதிப்பு என்பது புரியாது.

1961-ல் ஃபெராரியிடம் 250 ஜிடி என்ற வண்டி இருந்தது. 250 என்பது கன சென்டிமீட்டரில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டு சிலிண்டர், பெருக்கினால் 3 லிட்டர். பந்தயங்களில் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அதன் மூக்கு காற்றை முட்டியது. ஜாகுவார் ஈ-டைப் வந்துவிட்டது, அதைச் சமாளிக்க வேண்டும். ஜியோட்டோ பிஸாரினி என்ற பொறியாளரிடம் ஒரு சின்னக் குழுவைக் கொடுத்து, ரகசியமாகப் புது வண்டி செய்யச் சொன்னார் நிறுவனர் என்ஸோ ஃபெராரி. பிஸாரினி என்ஜினைக் கீழே இறக்கிப் பின்னால் தள்ளினார். என்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி வைக்காமல் தனித் தொட்டியில் எண்ணெய் வைத்ததால் என்ஜினின் உயரம் குறைந்தது, மூக்கைத் தாழ்த்த முடிந்தது. முதல் மாதிரி வண்டிக்கு அழகு என்று எதுவும் இல்லை. மேடு பள்ளமாக, அவசரமாக வெல்டு வைத்த தகட்டோடு இருந்தது. அதற்கு வந்த பெயர் 'இல் மோஸ்த்ரோ', அதாவது பூதம். அந்தப் பூதத்தை மோன்ஸா பந்தயத் தடத்தில் ஸ்டர்லிங் மோஸ் ஓட்டிப் பார்த்தார். பழைய வண்டியைவிட வேகமாகப் போனது.

அப்புறம்தான் பெரிய குழப்பம் வந்தது. 1961 நவம்பரில் ஃபெராரியின் மூத்த அதிகாரிகளும் பொறியாளர்களும் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். தலைமைப் பொறியாளர் கார்லோ கிட்டி போனார், பிஸாரினியும் போனார். பாதியில் நின்ற வேலை மவுரோ ஃபோர்கியேரி கைக்கு வந்தது. அவருக்கு அப்போது 26 வயது. பாடியை முடித்துக் கொடுத்தவர் மோடெனாவில் பட்டறை வைத்திருந்த செர்ஜியோ ஸ்காலியெட்டி. ஆகவே ஜிடிஓவை யார் வடிவமைத்தார் என்று கேட்டால் ஒரே பெயராகச் சொல்வது நியாயமில்லை. எலும்பு பிஸாரினியுடையது, பழக்கி எடுத்தது ஃபோர்கியேரி, தோல் ஸ்காலியெட்டியுடையது.

ஸ்காலியெட்டியின் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லத் தோன்றுகிறது, என் தொழில் அது. அச்சில் அழுத்தி எடுத்த பாடி இல்லை இது. அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்து மரக் கொட்டாப்புளியால் குழிவாகத் தட்டி, பிறகு இரும்புத் தாங்கியின் மேல் சுத்தியலால் நிரவி, கம்பியால் கட்டிய சட்டத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி தட்டுவார்கள். அதனால் ஒரு ஜிடிஓவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்காது. ஒரு வண்டியின் மட்கார்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டவும் முடியாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் சூடான காற்று வெளியேறச் சரிவாக வெட்டிய பிளவுகள் இருக்கும், சில வண்டியில் இரண்டு, சில வண்டியில் மூன்று. மூக்கின் மேல் அரைவட்டமாக மூன்று துளைகள், வெயில் நாளில் மூடியைக் கழற்றிவிடலாம். பின் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் காற்றுத் தடுப்பு, முதலில் வந்த வண்டிகளில் தனியாகச் செய்து பொருத்தியது, பின்னால் வந்தவற்றில் பாடியோடு சேர்ந்தது.

இந்த வேறுபாடுகளை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவைதான் பிற்பாடு சாட்சி சொல்கின்றன. 1962-ல் ஒரு பந்தயத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால், ரிவிட் வரிசையையும் பிளவுகளையும் விளக்கு இருக்கும் இடத்தையும் வைத்து, அது எந்த எண் வண்டி என்று சொல்லிவிட முடியும். கைரேகை மாதிரி.

உள்ளே பார்த்தால் ஆடம்பரம் எதுவும் இருக்காது. நீலத் துணி போட்ட இரண்டு இருக்கை. தரையில் விரிப்பு இல்லை, கூரைக்கு உள்துணி இல்லை. பெரிய சுற்றுமானி ஒன்று ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருக்கும், என்ஜின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்ட. வேகமானி கிடையாது. பந்தயத்தில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கு வேண்டாத தகவல். கியர் கம்பி, திறந்த உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளங்களுக்குள் நகரும். அந்தத் தகடு பிற்காலத்தில் ஃபெராரியின் அடையாளமாகவே ஆனது. பின் அச்சு, நம் லாரிகளில் இருப்பதுபோல் லீஃப் ஸ்பிரிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆறு வெபர் கார்புரேட்டரோடு சுமார் 300 குதிரைசக்தி. 1962-க்கே இதில் பல பாகங்கள் பழைய முறைதான். ஆனால் அந்தப் பழைய பாகங்கள் ஒவ்வொன்றும் பத்து ஆண்டுப் பந்தயத்தில் அடிபட்டுத் தேறியவை. உடையாது. நீண்ட தூரப் பந்தயத்தில் உடையாமல் முடிப்பதுதான் பாதி வெற்றி.

1962 மார்ச்சில் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயத்தில் ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜெண்டபியனும் ஓட்டி, மொத்தத்தில் இரண்டாவதாகவும் தங்கள் பிரிவில் முதலாவதாகவும் வந்தார்கள். அந்த ஆண்டு ல மான் 24 மணிநேரத்திலும் ஒரு ஜிடிஓ இரண்டாவது, இன்னொன்று மூன்றாவது. 1962, 1963, 1964 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தன் பிரிவின் உலகப் பட்டத்தை ஃபெராரிக்கு வாங்கிக் கொடுத்தது.

இப்போது பெயரில் உள்ள 'ஓ'வுக்கு வருவோம். ஒமொலொகாத்தோ, அதாவது அங்கீகரிக்கப்பட்டது. அந்தப் பந்தயப் பிரிவில் சேர வேண்டுமென்றால் 12 மாதத்தில் 100 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்பது உலக மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏவின் விதி. 36 செய்த ஃபெராரி எப்படி உள்ளே வந்தது? ஆய்வாளர்கள் வந்தபோது அதே வண்டிகளை இடம் மாற்றி மாற்றி நிறுத்தி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினார்கள் என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. சுவையான கதைதான், நம்ப வேண்டாம். நடந்தது சாதாரணமான காகித வேலை. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்த 250 ஜிடியின் மாற்றப்பட்ட வடிவம் என்றுதான் இதைப் பதிவு செய்தார்கள். பாடியை மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அடுத்து 250 எல்எம் என்ற, என்ஜின் பின்னால் இருக்கும் வண்டிக்கும் இதே வழியில் போகப் பார்த்தார்கள், எஃப்ஐஏ ஒத்துக்கொள்ளவில்லை. என்ஸோவுக்கு வந்த கோபத்தில், 1964-ன் கடைசி ஃபார்முலா 1 பந்தயங்களில் ஃபெராரி வண்டிகள் இத்தாலியின் சிவப்பில் ஓடவில்லை. அமெரிக்க அணியின் நீலமும் வெள்ளையும் பூசி ஓடின. ஜான் சர்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த நிறத்தில்தான்.

ஆக, 36 என்பது யாரும் உட்கார்ந்து தீர்மானித்த எண் இல்லை. பந்தயத்துக்கு இந்த மாதிரி வண்டி வேண்டும் என்று வந்தவர்கள் அவ்வளவுதான், அதற்குள் அடுத்த தலைமுறை வண்டி வந்துவிட்டது. இன்றைய 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' வண்டிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடே இங்குதான் இருக்கிறது. 1987-ல் வந்த எஃப்40-ஐ 400 செய்வோம் என்று தொடங்கி, ஆசைப்பட்டவர்கள் கூடக் கூட 1,300-ஐத் தாண்டினார்கள். அதன் பிறகு பாடம் படித்துக்கொண்டு, எஃப்50-ஐ 349-ல் நிறுத்தினார்கள். சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாகச் செய்ய வேண்டும் என்பது ஃபெராரியின் கொள்கையாகவே ஆனது. அடுத்து வந்த என்ஸோ என்ற வண்டி 399. நானூறாவதாக ஒன்றைத் தனியாகச் செய்து போப் இரண்டாம் ஜான் பாலிடம் கொடுத்தார்கள். அது 2005-ல் ஏலத்தில் 9.5 லட்சம் யூரோவுக்குப் போனது, பணம் ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர்களின் உதவிக்கு. நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் அலை அடித்து ஆறு மாதமே ஆகியிருந்த ஜூன் மாதம் அது. சேகரிப்பாளர் உலகத்தின் செய்தி ஒன்று என் மனத்தைத் தொட்டது என்றால் அதுதான்.

இப்படித் திட்டமிட்டு எண்ணிக்கையை நிறுத்திய வண்டிகளும் நல்ல விலைக்குப் போகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கொட்டகையில் நிற்பவை. வாங்கும் நாளிலேயே அவை பொக்கிஷம். ஜிடிஓ அப்படி இல்லை. புதிதாக அமெரிக்காவில் 18,000 டாலர். வாங்க விரும்புகிறவரை என்ஸோ ஃபெராரியோ, அமெரிக்காவில் அவருடைய முகவர் லூயிஜி கினெட்டியோ ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கினவர் பந்தயத்தில் ஓட்டினார், மோதினார், விற்றார். நான்கைந்து ஆண்டில் அது வெறும் பழைய பந்தய வண்டி. 1960களின் கடைசியில் சில ஆயிரம் டாலருக்கு வாங்க ஆள் தேடினார்கள்.

இப்போது தாய்ப்பத்திரத்துக்கு வருகிறேன். ஒரு ஜிடிஓ விற்பனைக்கு வந்தால் என்னவெல்லாம் பார்ப்பார்கள்?

முதலில் எண். அந்தக் காலத்தில் ஃபெராரி, சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண்ணும், பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகளுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்தது. ஜிடிஓ சாலை வண்டிக் கணக்கு. முதல் வண்டி 3223ஜிடி, இரண்டாவது 3387ஜிடி, மூன்றாவது 3413ஜிடி. இடையில் உள்ள ஒற்றைப்படை எண்களெல்லாம் மற்ற ஃபெராரிகளுக்குப் போனவை. யாராவது இரட்டைப்படை எண்ணோடு ஒரு ஜிடிஓவைக் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். என்ஜின் கட்டையிலும் சேசிஸ் எண்ணே குத்தியிருக்கும். அதோடு தொழிற்சாலைக்குள் மட்டும் புழங்கிய உள் எண் ஒன்று என்ஜினிலும் கியர்பாக்ஸிலும் பின் அச்சிலும் இருக்கும். தொழிற்சாலைக் குறிப்பேட்டில் எழுதியதும் இரும்பில் குத்தியதும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து காகிதம். தொழிற்சாலையின் பிறப்புச் சான்று, இத்தாலியின் வாகனப் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் வரிசை, பந்தயப் பதிவுத் தாள்கள், பழுது பார்த்த ரசீதுகள், படங்கள். ஓர் ஆண்டு இடைவெளி விழுந்தால்கூட அந்த ஓராண்டில் வண்டி எங்கே இருந்தது என்று ஆள் வைத்துத் தேடுவார்கள். ஃபெராரியே இப்போது கிளாசிக்கே என்ற பிரிவை வைத்து, வண்டியைப் பிரித்துப் பார்த்துச் சான்றுப் புத்தகம் கொடுக்கிறது.

இந்தச் சான்றுகளெல்லாம் எதற்கு அஞ்சி வந்தன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜிடிஓ இல்லை, அதற்கு முந்தைய குட்டை சேசிஸ் 250 ஜிடி என்ற பெயரில் ஒரு வண்டி எங்கள் பட்டறைக்குப் பெயிண்ட் வேலைக்கு வந்தது. பந்தய வரலாறு உண்டு என்று கோப்பு நிறையக் காகிதம். அடியில் சட்டக் குழாயின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உப்புத்தாளின் ஓசை மாறியது. விரலால் தடவினால் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய மேடு. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் எதிர்ப்பக்கக் குழாயில் அதே இடத்தில் சுரண்டச் சொன்னார். அங்கேயும் அதே மோதிரம். ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, டேப்பை எடுத்து வந்து தரையில் மல்லாந்து படுத்தார்.

விஷயம் இதுதான். அதே காலத்தில் 250 ஜிடிஇ என்று நான்கு பேர் உட்காரும் ஃபெராரி ஒன்று வந்தது, 900-க்கும் மேல் செய்தார்கள். அதே 3 லிட்டர் என்ஜின் குடும்பம்தான். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,600 மில்லிமீட்டர். குட்டை சேசிஸுக்கும் ஜிடிஓவுக்கும் 2,400. நடுவில் 20 சென்டிமீட்டரை வெட்டி எடுத்து மறுபடி வெல்டு வைத்தால் நகலுக்கு எலும்புக்கூடு தயார். எங்கள் முன்னால் இருந்தது அப்படி ஒன்று. சேசிஸ் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதுவும் சொல்லிவிட்டது. தொழிற்சாலையில் ஒவ்வோர் எண்ணாகக் கையால் குத்துவார்கள், ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். இதில் எல்லா எழுத்தும் பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நின்றன. உரிமையாளர் அதை அசல் என்று நம்பி வாங்கியவர். அவர் வந்து அந்த மோதிரத்தைத் தொட்டுப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நகல் என்று சொல்லிவிட்டே செய்கிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, நானும் செய்தவன். ஆனால் அப்படி வெட்டப்பட்ட ஜிடிஇ ஒவ்வொன்றும் அதனளவில் நல்ல வண்டி. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

நகல் விஷயத்தில் சட்டமும் உள்ளே வந்திருக்கிறது. 2019-ல் இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் 250 ஜிடிஓவை ஒரு கலைப்படைப்பு என்று ஏற்றுக்கொண்டு, அதைப் போன்ற வண்டியைச் செய்யவிருந்த மோடெனா நிறுவனம் ஒன்றைத் தடுத்தது. ஒரு காரைக் கலைப்படைப்பு என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொன்னது அதுவே முதல் தடவை. ஆனால் மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகச் சின்ன அலுவலகம், ஜிடிஓவின் உருவத்தின் மேல் கார்களுக்கென்று ஃபெராரி பதிந்து வைத்திருந்த உரிமையை ரத்து செய்தது, பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தவில்லை என்று. பொம்மைக் கார்களுக்கான உரிமை மட்டும் தப்பியது.

பாகங்களின் அசல்தன்மைக்கு எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஒரு வழக்கு. இரண்டாவதாகப் பிறந்த 3387ஜிடி, 4.4 கோடி டாலருக்குக் கைமாறியது. அதன் அசல் கியர்பாக்ஸ் வண்டியில் இல்லை, அமெரிக்காவில் வேறொருவரிடம் இருந்தது. அதைப் பெற்றுத் தர விற்றவர் பொறுப்பா என்று லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. வண்டியில் இருந்த மாற்று கியர்பாக்ஸில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் 1962-ல் அந்த எண்ணோடு பிறந்த பெட்டி வெளியே இருக்கும்வரை பத்திரத்தில் ஒரு பக்கம் கிழிந்தே கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் மோதிய வண்டிக்கு மதிப்பு போய்விடுமா? இது பலரும் தப்பாக நினைக்கும் இடம். 3851ஜிடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உரிமையாளர் பிரெஞ்சுப் பந்தய வீரர் ஜோ ஷ்லெஸ்ஸர். அவரோடு ஓட்டியவர் ஆன்ரி ஒரேயே. 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வாங்கிய வீரர். இருவரும் 1962-ல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்கள். சில வாரங்களில், அக்டோபரில், பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்லெரி தடத்தில் அதே வண்டி மோதி ஒரேயே இறந்துபோனார். வண்டியைத் தொழிற்சாலையில் சரிசெய்து விற்றார்கள். இத்தாலிய மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடியது. 1965-ல் ஃபப்ரிசியோ வியோலாட்டி என்ற இத்தாலிய இளைஞர் வாங்கினார். அன்றைக்கு அதற்கு மதிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர் 2010-ல் இறக்கும்வரை விற்கவில்லை. சான் மரினோவில் தன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார், பழைய வண்டிகளுக்கான பந்தயங்களில் ஓட்டவும் செய்தார். 2014-ல் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது 3.81 கோடி டாலருக்குப் போனது, அன்று வரை எந்தக் காரும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. விபத்து, மரணம், பழுது எல்லாம் அதன் கோப்பில் தேதியோடு இருந்தன, எதையும் யாரும் மறைக்கவில்லை. 49 ஆண்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது என்பது அந்தக் கோப்பின் பெரிய பலம்.

நான்கு ஆண்டு கழித்து அந்த விலையையும் முந்திய 3413ஜிடியின் கதையில் மரணம் இல்லை, முழுக்க வெற்றிதான். சிசிலித் தீவின் தார்கா ஃப்ளோரியோவில் 1963, 1964 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் முதலிடம். இந்த வண்டிக்கு 1964-ல் தொழிற்சாலையே பழைய பாடியைக் கழற்றிவிட்டுப் புது உருவப் பாடியைப் போட்டது. பாடி மாறியும் 4.84 கோடி டாலர். யார் மாற்றியது, எப்போது மாற்றியது, எதற்கு மாற்றியது என்பது எழுத்தில் இருக்கிறது, அது போதுமானதாக இருந்தது.

முதலீடாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விலை ஏறிக்கொண்டே வந்த கோடு இல்லை. 1989-ல் ஒரு கோடி டாலரைத் தாண்டி வாங்கினார்கள். ஜப்பானியப் பணம் நிறைய உள்ளே வந்த நேரம். சந்தை சரிந்து 1990களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. அப்போது விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் நொந்துபோனார்கள். கடன் வாங்காமல் பிடித்து வைத்தவர்களே தப்பித்தார்கள். இன்றைக்கு ஆண்டுக்கு ஒன்று விற்பனைக்கு வந்தாலே அதிகம், பெரும்பாலும் வெளியே தெரியாமல் கைமாறிவிடும்.

கடைசியாக, எது எனக்குப் பிடிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்க வேண்டியதில்லை, 3589ஜிடி.

இங்கிலாந்தில் மைக் பார்க்ஸ் ஓட்டிய வண்டி அது. பிறகு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் விக்டோரியா என்ற ஊரில் இருந்த பந்தய அணி ஒன்றுக்குப் போனது. பந்தயத்துக்குப் பழசானதும், 1964-ல் அதை அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள், மாணவர்கள் மோட்டார் வேலை கற்றுக்கொள்ள. எட்டு ஆண்டு அது பள்ளிப் பட்டறையில் இருந்தது. பதினாறு வயதுப் பையன்கள் அந்த வி12-இன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பழகியிருப்பார்கள். 1972-ல் பள்ளி அதை விற்றது, விலை 6,500 டாலர். வாங்கியவர் ஓஹியோ மாநிலத்தில் ஒரு டிரெய்லரின் மேல் ஏற்றித் திறந்தவெளியில் விட்டார். வெயிலிலும் பனியிலும் ஏறத்தாழ பதினைந்து ஆண்டு அங்கேயே நின்றது. 1980களின் கடைசியில்தான் அதை வாங்கி எடுத்துப்போனார்கள்.

அது டிரெய்லரில் நிற்கும் படம் ஒன்று உண்டு. சுற்றிலும் புல் வளர்ந்து கிடக்கிறது. அந்தப் படத்தை அச்செடுத்து எங்கள் பட்டறையில் என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். இடப்பக்க மட்கார்டின் வளைவு அதில் தெளிவாகத் தெரியும், யாரும் திருத்தித் தட்டாத ஸ்காலியெட்டி பட்டறையின் வளைவு. நகலுக்கு மட்கார்டு தட்டியபோது அளவுத் தாளைவிட அந்தப் படத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.